நாலு மலையும் பத்தொன்பது படியும்

"எது நல்ல இடம் எண்டு என்னட்டைக் கேக்காதை. எதை விட எண்டு கேள்."

பாரிஸ் லாச்சப்பலில் அவரைத் தெரிந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். நான் பல தடவை கேட்டேன். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்க வருகிறது.

அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் கதை அந்தப் பெயரோடு முடிந்துபோய்விடும். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அது மரியாதை இல்லை, பழக்கம்.

பனிச்சறுக்கு இடங்களைப் பற்றி அவரைப் போல் தெரிந்த ஆள் எங்கள் ஆட்களில் இல்லை. பிரான்சின் சவோவா மலைப் பக்கம் பதினாலு மாரி, பதினாலு பனிக்காலம், வேலை செய்தவர். மார்கழி தொடங்க முதல் ஏறுவார். சித்திரையில் இறங்குவார். மற்ற மாதங்களில் லாச்சப்பல் மெட்ரோ பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே கடைசி மேசை. ஒரு கதிரையில் அவர் இருப்பார். எதிர்க் கதிரையில் அவருடைய வலது கால் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தக் காலுக்குப் பக்கத்தில் நின்றுதான் கதைக்க வேண்டும். திமிர் பிடித்த மனிசன் என்று முதலில் நினைத்தேன்.

ஐப்பசி பிறந்தால் அந்த மேசைக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். எபினே, பொண்டி, கூசேன்வில் என்று பாரிசைச் சுற்றி எல்லாப் பக்கத்தாலும் வருவார்கள். மாரிக்கு மலையில் குசினி வேலை இருக்கிறது, தங்க இடம் தருகிறார்கள், விசா புதுப்பிக்கச் சம்பளத் துண்டு தேவை. எந்த இடத்துக்குப் போகலாம் என்று கேட்பார்கள். அவர் தரகர் இல்லை. ஒருவரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. தன் தேத்தண்ணியைத் தானே வாங்கிக் குடித்தார். அதனால்தான் எல்லாரும் அவரை நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மலை இடங்களுக்குப் பிரெஞ்சில் நீளப் பெயர்கள். எங்கள் வாயில் நிற்காது. அவர் தானே பெயர் வைத்திருந்தார். பெரியது. ஏரியடி. கோயிலடி. சுரங்கத்தடி. ஊரில் பஸ் நிற்கிற இடங்களுக்குச் சொல்வது மாதிரி. கோப்பை கழுவப் போகிற ஆட்கள் எல்லாரும் பிறகு அந்தப் பெயர்களைத்தான் சொன்னார்கள்.

வெள்ளைக்காரர் ஒரு மலையை இன்னொரு மலையோடு வேறு மாதிரி ஒப்பிடுவார்கள். சறுக்குகிற பாதை எத்தனை, கம்பியில் தொங்கிப் போகிற பெட்டி எத்தனை, பனி எவ்வளவு உயரம். மெட்ரோவில் விளம்பரம் ஒட்டியிருப்பார்கள். அண்ணையின் ஒப்பீடு குசினியின் பின் கதவில் தொடங்கும்.

"பெரியதிலை பணக்காரச் சனம். ஒரு ஆள் ஏழு கோப்பையிலை சாப்பிடும். ஆனா கோப்பை நக்கின மாதிரி வரும். தண்ணி காட்டினாப் போதும். கோயிலடியிலை குடும்பங்கள். ஒரு மேசைக்கு ஒரு சட்டி. அதுவும் சீஸ் சட்டி."

"சட்டி ஒண்டெண்டால் சுகம்தானே அண்ணை" என்று பொண்டியில் இருந்து வந்த ஒருவர் சொன்னார்.

"நீ சீஸ் உரஞ்சிப் பாத்தனியே? அடிப்பிடிச்ச சீஸ் சீமெந்து. காலமை ஊற வைச்சால் பின்னேரமும் கிடக்கும். ஏழு கோப்பையை விட உந்த ஒரு சட்டி பாரம்."

"அப்ப பெரியதுக்குப் போறன்."

"போ. அங்கை படுக்கிற அறைக்கு யன்னல் இல்லை. கோயிலடியிலை யன்னல் இருக்கு, ஆனா அது துறக்காது. சுரங்கத்தடியிலை துறக்கும், ஆனா ஆறு பேர் ஒரு அறை."

"எதுதான் அண்ணை திறம்?"

"எதை விட?"

மேசை சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். வந்தவர் ஏதோ ஒன்றைத் தெரிவு செய்துகொண்டு போவார். போன இடத்தில் என்ன நடந்தாலும், இதைவிட மோசமான இடம் இருக்கிறது என்பது அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். அண்ணை செய்த வேலை இதுதான். அப்போது எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும் ஒப்பிடுவார். இரண்டு வடை வாங்குவார். இரண்டிலும் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத்தான் முதலாவதைச் சாப்பிடுவார். செத்த வீட்டுக்குப் போனால், வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "கூசேன்வில் செத்த வீட்டை விட இஞ்சை சனம் கூட" என்பார். செத்தவரின் மகன் பக்கத்தில் நிற்பான். மழை பெய்தால் போன கிழமை மழை. காய்ச்சல் வந்தால் போன வருசக் காய்ச்சல். தொலைபேசியில் நாலு மலையின் கமராவையும் வைத்திருந்தார். அந்தக் கமரா சறுக்க வருகிற சனத்துக்காக வைத்தது. பனி எவ்வளவு என்று பார்க்க. அவர் படத்தை விரலால் பெரிதாக்கி, ஒரு மூலையில் தெரிகிற குப்பைத் தொட்டியைப் பார்ப்பார். "தொட்டிக்குப் போற பாதையிலை பனியை வழிச்சிருக்கிறான். ஏரியடியான் இன்னும் வழிக்கேல்லை." ஆவணி மாதத்திலும் பார்ப்பார். மலை பச்சையாக இருக்கும். அப்போதும் எந்தப் பச்சை கூட என்று சொல்வார்.

என் மகள் கணக்கில் இருபதுக்குப் பன்னிரண்டு எடுத்த கிழமை, அவர் எபினேயில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் பிரான்சில் பிறந்தவள். எங்களோடு பிரெஞ்சில்தான் கதைப்பாள். பன்னிரண்டு நல்லதா என்று அவரிடம் கேட்டாள்.

"பதினொண்டை விட நல்லது" என்றார்.

"பதின்மூன்றை விட?"

"பதின்மூண்டை விடக் குறைவு."

அவர் போன பிறகு மகள் சொன்னாள், அந்த மாமா ஒரு கேள்விக்கும் பதில் சொல்வதில்லை, கவனித்தீர்களா அப்பா என்று. நான் அவளை ஏசினேன். பெரிய ஆட்களைப் பற்றி அப்படிக் கதைக்கக் கூடாது என்றேன். அந்த வயதில் அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நான் வேலை செய்த உணவகத்தை மூடினார்கள். அந்தக் கார்த்திகையில் நானும் அந்த மேசைக்குப் போனேன். அவர் காலைக் கதிரையில் இருந்து இறக்கி எனக்கு இடம் விட்டார். அதை நான் பெரிய மதிப்பாக எடுத்தேன்.

"நீ என்னோடை வா" என்றார். "நான் இந்த முறை கோயிலடி. பத்ரோன் கத்துவான், ஆனா அடிக்கமாட்டான். பெரியதிலை ஒருத்தன் சட்டியாலை எறிஞ்சவன்."

பத்ரோன் என்றால் முதலாளி. கத்துகிற முதலாளியை நான் கண்டிருக்கிறேன். போனேன்.

அங்கே ஒரு குசினி. பின் கதவைத் திறந்தால் வெளியே இரும்புப் படி. பத்தொன்பது படி. கீழே குப்பைத் தொட்டிகள். படியின் ஒரு பக்கம் சுவர். மற்றப் பக்கம் ஒன்றும் இல்லை. கைபிடி போட்டிருந்த ஓட்டைகள் இருந்தன, கைபிடி இல்லை. படியில் தண்ணீர் சிந்தி உறையும். உப்புப் போட்டால் உறையாது. உப்பு மூட்டை முன் வாசலில் இருந்தது. அது சாப்பிட வருகிற சனத்துக்கு. பின்னுக்கு ஒருநாளும் வரவில்லை.

முதல் நாளே அவரிடம் கேட்டேன். "அண்ணை, இந்தப் படி என்ன இப்பிடி?"

"சுரங்கத்தடியிலை இருபத்தெட்டுப் படி" என்றார். "இது பத்தொன்பது."

நல்லதையும் எழுதத்தான் வேண்டும். வேலையில் அவர் கள்ளம் செய்யவில்லை. தன் பங்கு முடிந்தால் என் சட்டியை இழுத்து உரஞ்சுவார். என் கையுறை கிழிந்தபோது தன்னுடையதைத் தந்தார். சவர்க்காரத் தண்ணீரில் என் விரல்கள் வெடித்து இரத்தம் வந்தது. தேங்காய் எண்ணெய் சூடாக்கித் தந்து, பூசு என்றார். "ஏரியடியிலை எனக்கு நகமே கழண்டது. உனக்கு வெடிப்புத்தான்" என்றும் சொன்னார். எண்ணெயோடு அதையும் சேர்த்துத் தருவார். வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதினாலு மாரி மலையில் இருந்தவர் ஒருநாளும் சறுக்கியதில்லை. நானும் இல்லை. சறுக்குகிற பலகையைக் கையால் தொட்டதும் இல்லை. காலையில் குசினி யன்னலால் பார்ப்போம். சனம் நிறநிறமாக உடுத்துக்கொண்டு மேலே போகும். கீழே வரும். திரும்ப மேலே போகும். "உதுக்குக் காசு குடுக்குதுகள்" என்பார். அவ்வளவுதான்.

மாசி மாதம். பள்ளிக்கூட விடுமுறை. மத்தியானம் மட்டும் இருநூறு பேர் சாப்பிட்டார்கள். சாப்பாடு முடிய, மிச்சம் போட்ட பெரிய வாளியை நானும் அவரும் தூக்கினோம். நான் கீழே, அவர் மேலே, ஆளுக்கு ஒரு காது. நான் பின்பக்கமாக இறங்கினேன். ஐந்தாவதோ ஆறாவதோ படி. கால் போனது. பிடிக்கக் கையை நீட்டினேன். பிடிக்க ஒன்றும் இல்லை. அவர் வாளியை விட்டார். விட்டது சரி. விடாவிட்டால் இரண்டு பேரும் போயிருப்போம். அதற்காக எனக்கு அவரில் கோபம் இல்லை.

கீழே கிடந்தேன். முழங்கால் ஒரு பக்கம், பாதம் மறுபக்கம் பார்த்தது. என் மேல் உருளைக்கிழங்கும் சீஸும். அவர் படியில் குந்திக் குந்தி, குழந்தை இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். என் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். அது எனக்கு நினைவிருக்கிறது.

பத்ரோன் வந்தார். பார்த்தார். கத்தவில்லை. மெல்லமாக அண்ணையோடு கதைத்தார். எனக்கு வலியில் பிரெஞ்சு விளங்கவில்லை. அண்ணை தமிழில் சொன்னார்.

"சறுக்கப் போய் விழுந்ததெண்டு சொல்லட்டாம்."

"என்ன?"

"ஆஸ்பத்திரியிலை. வேலையிலை விழுந்ததெண்டால் அரசாங்கக் கந்தோர்க்காரர் வருவாங்களாம், படியைப் பாப்பாங்களாம், பூட்டுவாங்களாம். சறுக்கினதெண்டால் ஒருத்தரும் கேக்காயினம். வேலை உனக்கு இருக்குமாம்."

"அண்ணை, நான் சறுக்கிறதே இல்லையே."

"அது ஆருக்குத் தெரியும்?" பிறகு என் காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னார். "பெரியதிலை கை முறிஞ்சவனைப் பஸ்ஸிலை அனுப்பினவங்கள். இந்த மனிசன் தன்ரை காரிலை கொண்டுபோறான். பார்."

காரின் பின் சீற்றில் பிளாஸ்ரிக் விரித்திருந்தார்கள். சீற் பழுதாகாமல் இருக்க. நான் அதில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர். அந்த மலை ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாரும் சறுக்கி விழுந்தவர்கள்தான். என்ன நடந்தது என்று கேட்டார். சறுக்கினேன் என்றேன்.

"எந்த நிறப் பாதை?"

பாதைக்கு நிறம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லித் தரவில்லை. நாலு மலையின் குப்பைத் தொட்டியும் எனக்குத் தெரியும். ஒரு பாதையின் நிறம் தெரியாது. பத்ரோன் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றார்.

"கறுப்பு" என்றேன்.

டொக்டர் எழுதாமல் என்னைப் பார்த்தார். கறுப்பு என்றால் ஆக உச்சமான, செங்குத்தான பாதை. அதில் இறங்குகிறவர்கள் சிறுவயதில் இருந்து சறுக்குகிறவர்கள். இதைப் பிறகுதான் அறிந்தேன். டொக்டர் நிலத்தைப் பார்த்தார். என் சப்பாத்தை வெட்டிக் கழற்றிப் போட்டிருந்தார்கள். குசினிச் சப்பாத்து. மேலங்கிக்குள் ஏப்ரன் கட்டியபடி இருந்தேன். அதில் சீஸ்.

"நிச்சயமாகவா?" என்று கேட்டார். மெல்லமாகக் கேட்டார். எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்தார் என்று இப்போது தெரிகிறது.

"ஓம்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

எழுதினார்.

பின்னேரம் அண்ணை பஸ் பிடித்து வந்தார். மாஜரின் பெட்டியில் சோறும் பருப்பும் கொண்டுவந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார்.

"பச்சை எண்டு சொல்லியிருக்கலாம்" என்றார். "கறுப்பை விடப் பச்சை சுகமான பாதை."

அந்த நேரம் நான் சிரித்தேன். வலியோடு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்னிலேயே கோபம் வரும்.

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எட்டு நாளும் அவர் இரண்டு பேருடைய சட்டியையும் உரஞ்சினார். எட்டு நாளும் சோறு வந்தது. ஒன்பதாம் நாள் பத்ரோனிடம் இருந்து கடிதம் வந்தது. வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. அண்ணை வாசித்துச் சொன்னார். "ஏரியடியிலை கடிதமும் குடுக்கமாட்டாங்கள்" என்றார்.

பாரிசுக்கு வந்த பிறகு இரண்டு தரம் முழங்காலை வெட்டினார்கள். இனி நின்று வேலை செய்ய முடியாது என்றார்கள். எனக்குத் தெரிந்த வேலை எல்லாம் நின்று செய்கிற வேலை. லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடைக்காரர் இரக்கப்பட்டு ஸ்ரூல் ஒன்று தந்தார். அதில் உட்கார்ந்து முருங்கைக்காயும் கத்தரிக்காயும் நிறுக்கிறேன். ஒரு நாளில் பாதி நேரம். அந்த நேரத்துக்குத்தான் சம்பளம்.

அடுத்த வருசக் கார்த்திகையில், எங்கள் ஆட்களுக்குக் கடுதாசி பார்த்துக் கொடுக்கிற ஒரு பெண் என் கதையைக் கேட்டார். பேனையை வைத்துவிட்டார்.

"ரெண்டு வருசத்துக்குள்ளை நீங்களே அறிவிக்கலாம் அண்ணை. வேலை விபத்தெண்டு. முதலாளி அறிவிக்கத் தேவையில்லை. வாற மாசி வரைக்கும் நேரம் இருக்கு."

"ஆஸ்பத்திரிக் கடுதாசியிலை கறுப்புப் பாதை எண்டு கிடக்கே."

"கண்ட ஆள் ஒருத்தர் எழுதித் தந்தால் அதை மாத்தலாம். கண்டவை ஆரும் இருக்கினமோ?"

ஓம் என்றேன். ஒரு ஆள் இருக்கிறார். வாளியின் மற்றக் காதைப் பிடித்தவர்.

அது கிடைத்தால் முழங்காலுக்கு ஒரு சின்ன ஓய்வூதியம். சாகும் மட்டும். அதைவிட எனக்கு இன்னொன்று வேண்டியிருந்தது. நான் படியில் விழுந்தேன் என்று ஒரு கடுதாசியில் இருக்க வேண்டும். அரசாங்கக் கடுதாசியில் நான் சறுக்கி விளையாடப் போய்க் காலை முறித்தவன். அதை என் மகள் வாசித்திருக்கிறாள்.

மகள்தான் பிரெஞ்சில் எழுதித் தந்தாள். நாலு வரி. இன்ன நாள், இன்ன இடம், படியில் பனி, கைபிடி இல்லை, நான் பார்த்தேன். கீழே கையெழுத்துக்கு இடம். நான் அதைக் கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கடைசி மேசை. எதிர்க் கதிரையில் கால்.

அவர் வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"இது பெரிய வேலை" என்றார்.

"ஒரு கையெழுத்து அண்ணை."

"உனக்கு ஸ்ரூல் கிடைச்சிருக்கு. சுரங்கத்தடியிலை விழுந்தவன் இண்டைக்கும் படுக்கையிலை."

"சுரங்கத்தடியை விடுங்கோ. நான் விழுந்ததைக் கண்டனீங்களோ இல்லையோ?"

அவர் கதிரையில் இருந்த காலைக் கையால் தூக்கி இறக்கினார். காற்சட்டையை மேலே சுருட்டினார். இரண்டு காலுறை போட்டிருந்தார். இரண்டையும் உருட்டி விட்டார். கணுக்கால். சரியாகப் பொருந்தாமல் ஒட்டின எலும்பு, தோலுக்கு அடியில் முட்டை மாதிரி நின்றது.

"அதே படி" என்றார். "நீ விழ ரெண்டு வருசம் முதல்."

நான் குனிந்து அதைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியிலை நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சறுக்கினதெண்டுதான். பச்சை எண்டு சொன்னனான்."

"கைபிடி?"

"அப்பவும் இல்லை."

"தெரிஞ்சு கொண்டுதானே என்னைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"மற்ற இடங்களை விட..."

நான் மேசையில் அடித்தேன். தேத்தண்ணி அவர் மடியில் கொட்டியது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒருநாளும் நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அங்கை கைபிடி வந்திருக்கும். நான் பிடிச்சிருப்பன்."

அவர் கோபிக்கவில்லை. மடியைத் துடைக்கவும் இல்லை. தன் காலை நீட்டி என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்தார். வடையைப் பார்க்கிற மாதிரி.

"உன்ரை மடங்குது" என்றார். "என்ரை மடங்காது. பார்."

ஆட்டிக் காட்டினார். ஆடவில்லை. அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. தன் கால்தான் அதிக மோசம் என்பதில். இதை நான் மிகைப்படுத்தி எழுதவில்லை.

அந்தக் காலோடு பிறகும் மூன்று மாரி ஏறியிருக்கிறார். அந்தக் காலோடு எட்டு நாள் என் சட்டியையும் உரஞ்சியிருக்கிறார். படியில் குந்திக் குந்தி இறங்கி வந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. பாவம் என்று நினைக்க வேண்டிய இடம் இது. எனக்கு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

"கையெழுத்துப் போட்டால் என்ரையும் வெளியிலை வரும்" என்றார். "பொய் சொன்னனான் எண்டு வரும். இந்த மாரியும் அவன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான்."

"வரட்டும்."

"யோசிச்சுத் தாறன்."

கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும். அங்கேயே இருந்து எழுதச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பெரியவர் ஒருவர் தாறன் என்றால் அதற்கு மேல் கேட்கத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

கார்த்திகை முடிய முதல் மலைக்கு ஏறிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. தொலைபேசி எடுத்தேன். முதல் கிழமை அடித்தது. பிறகு அடிக்கவில்லை. குசினி இலக்கத்துக்கு எடுத்தேன். வேலை அதிகம், பிறகு எடுக்கட்டாம் என்றார்கள். பிறகும் எடுத்தேன். மகள் புதிதாக ஒரு கடுதாசி எழுதி அங்கே அனுப்பினாள். திரும்பி வரவில்லை.

மாசி வந்தது. சாட்சி இல்லாமலே அறிவித்தேன். பதில் கெதியாக வந்தது. கண்ட ஆள் இல்லை. ஆஸ்பத்திரி அறிக்கையில் சறுக்கியதாக இருக்கிறது. கறுப்புப் பாதை என்றும் எழுதியிருந்தார்கள். மகள் வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள். நான் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது.

பங்குனி நடுப்பகுதியில் ஒரு காலைநேரம். ஒருவர் மரக்கறிக் கடைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் முல்லைத்தீவுப் பக்கம் தெரிந்தது. முதுகில் பெரிய பை. இடது கையைக் குசினித் துவாயால் முழங்கை வரைக்கும் சுற்றியிருந்தார். ஒரு கையால் வெண்டிக்காய் பொறுக்க முடியாமல் நின்றார். நான் பையைப் பிடித்துக் கொடுத்தேன்.

"கைக்கு என்ன?"

"எண்ணெய் அண்ணை. கொதியெண்ணெய். முந்தநாள்."

"எங்கை?"

"மலையிலை. கோயிலடி எண்டு சொல்லுவினம். கை சுகமாகிப் பேந்து வரட்டாம் எண்டு ரயில் ஏத்தி விட்டவை."

நான் தராசில் இருந்து கையை எடுத்தேன்.

"எரியுதோ?"

"எரியுதுதான். என்ன செய்யிறது. அங்கை ஒரு அண்ணை இருக்கிறார். நல்ல மனிசன். அவர்தான் துவாய் சுத்தி விட்டவர். அவர் சொன்னவர், எனக்கு முன்னம் அதே குசினியிலை ஒருத்தன் வேலை செய்தவனாம். முழங்கால் போய், இப்ப நொண்டியாம். நிக்கவும் ஏலாதாம். அவனை விட எனக்குப் பரவாயில்லையாம். கைதானே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணை சொன்னதை நம்பிய சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும்.

அந்த மாரி முழுக்க நான் அவரிடம் நாலு வரி கேட்டேன். நான் விழுந்தேன் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல அவருக்கு முடியவில்லை. கை வெந்த மனிசனுக்குச் சொல்ல முடிந்திருக்கிறது. சுரங்கத்தடியில் படுக்கையில் கிடக்கிறவனோடு என்னையும் சேர்த்துவிட்டார். இனி ஒவ்வொரு மாரியும் விழுகிறவனுக்கும் வேகிறவனுக்கும் என் காலைக் காட்டுவார். அவர்கள் எழும்பிப் போய்ச் சட்டி உரஞ்சுவார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனனீரோ?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை. போனால், அறையிலை தேத்தண்ணி ஊத்தேக்கை கொட்டினதெண்டு சொல்லட்டாம்."

"ஒண்டிலையும் கையெழுத்து வைச்சனீரோ?"

"இல்லை அண்ணை. ஏன்?"

நான் ஸ்ரூலில் இருந்து எழும்பினேன். தராசைச் சுற்றி வந்தேன். நான் நடப்பதை அவர் பார்த்தார். காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது.

கடைக்காரரிடம் தராசைப் பார்க்கச் சொன்னேன். மேலங்கியை எடுத்தேன்.

"வாரும்."

"எங்கை?"

"ஆஸ்பத்திரிக்கு. குசினியிலை கொட்டினதெண்டு சொல்லும். எத்தனை மணி, ஆர் பக்கத்திலை நிண்டது, எல்லாம் சொல்லும். பிரெஞ்சு வராட்டில் என்ரை மகளைத் தொலைபேசியிலை எடுப்பம்."

அவர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார். என் நடைக்கு மெல்ல நடந்தார். மெட்ரோ பாலத்துக்குக் கீழே, தெருவைக் கடக்கப் பச்சை வெளிச்சத்துக்காக நின்றோம்.

"இது சின்னக் காயம்தானே அண்ணை" என்றார். "உங்கடை காலோடை பாக்கேக்கை..."

"என்ரை காலை ஆரும் கேக்கேல்லை" என்றேன். "உம்மடை கையைச் சொல்லும்."